வால்வு மாற்றிய அப்பாவுக்கு அசிட்ரோம்: எதைக் கவனிக்க வேண்டும்?

காசிமேட்டில் இருக்கும் அப்பாவுக்கு இதய வால்வு மாற்றியபின், ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரை தருகிறார்கள், என்ன பக்கவிளைவு வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். முக்கியமானது ரத்தக்கசிவுதான். பல் துலக்கும்போது லேசாக ரத்தம், தோலில் சின்ன நீலத்திட்டு என்றால் பதற வேண்டாம். அடுத்த முறை டாக்டரிடம் சொல்லுங்கள். மலம் தார் போலக் கறுத்துப் போனால், சிறுநீர் சிவந்தால், மூக்கில் வரும் ரத்தம் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்காவிட்டால் அன்றைக்கே காட்டுங்கள். தலையில் அடிபட்டால், வெளியே காயமே தெரியாவிட்டாலும், நேராக ஸ்டான்லி அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். திடீர்க் கடும் தலைவலி, வாய் கோணல், கை கால் மரத்துப்போதல் இவற்றுக்கும் அதேதான்.

எனக்கு அதிகம் கவலை தருவது வலி மாத்திரை. வலை இழுத்த தோள்வலிக்கு மெடிக்கலில் டைக்லோஃபினாக், புரூஃபன் வாங்கிப் போடுவது நம் பக்கம் சாதாரணம். அசிட்ரோமோடு அது சேர்ந்தால் வயிற்றுக்குள் ரத்தம் கசியலாம். இடுப்பு ஊசியும் வேண்டாம். தசைக்குள் ரத்தம் கட்டும். ஆன்டிபயாடிக், நாட்டு மருந்து எதுவானாலும் முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

கீரையை நிறுத்த வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, மறுவாரம் சுத்தமாக இல்லை என்று மாற்றினால்தான் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை அளவு) ஏறி இறங்கும். அந்த அளவு எவ்வளவு இருக்க வேண்டும் என்பது வால்வைப் பொறுத்தது, பலருக்கு 2.5 முதல் 3.5 வரை வைப்பார்கள். ஒரு வேளை மாத்திரை போட மறந்தால் மறுநாள் இரட்டிப்பாகப் போடக் கூடாது. பயந்துபோய் தானாக நிறுத்தவும் கூடாது, வால்வில் ரத்தம் உறைந்துவிடும்.