ஒரே காசுக்கு ரயரா, றிம்மா? – வாகனம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் 2008ஆம் ஆண்டு ரொயோட்டா விட்ஸ் இருக்கிறது. நான்கு ரயரும் மொட்டையாகிவிட்டன. புதிய 14 அங்குல ரயர் நான்குக்கு ஆகும் காசுக்கே, பாவித்த 15 அங்குல அலோய் றிம் நான்கை ரயரோடு பூட்டித் தருவதாக வவுனியாவில் ஒருவர் சொல்கிறார். வீட்டிலிருந்து பெரிய வீதிக்கு ஆறு கிலோமீற்றர் கிறவல் றோட். எதை வாங்கலாம்?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: புதிய 14 அங்குல ரயரையே வாங்குங்கள். உங்கள் காசு றப்பருக்குப் போகவேண்டும், பளபளப்புக்கு அல்ல.

உங்கள் காரின் அளவு 165/70ஆர்14 ஆக இருந்தால், ரயரின் பக்கச்சுவர் உயரம் அதன் அகலமான 165 மில்லிமீற்றரில் 70 வீதம், அதாவது ஏறக்குறைய 115 மில்லிமீற்றர். 15 அங்குல அலோயோடு வருவது 195/50ஆர்15 என்றால் அது 97 மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூட. ஒரு விரலளவு றப்பர் குறைந்துபோகிறது. மழைக்குப் பிறகு கிறவல் றோட்டில் ஓரம் கூரான பள்ளங்கள் விழும். அவற்றில் சக்கரம் இறங்கும்போது அடியை வாங்குவது அந்த ஒரு விரல்தான். அது இல்லாவிட்டால் றிம்மின் விளிம்புக்கும் கல்லுக்கும் இடையில் ரயர் நசுங்கி, உள்ளே இருக்கும் நூல் அறும். பக்கச்சுவரில் கோழிமுட்டை அளவு வீக்கம் தெரிந்தால் நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். அதை ஒட்ட முடியாது, எறியத்தான் வேண்டும்.

இன்னும் ஒரு கணக்கு. சந்தையில் மலிவாக அகப்படும் பாவித்த 15 அங்குல ரயர்களில் 195/65ஆர்15 அதிகம். அதன் மொத்த உயரம் 634 மில்லிமீற்றர், உங்களுடையது 587. வித்தியாசம் 8 வீதம். மீற்றர் 60 காட்டும்போது கார் 65இல் ஓடும், ஸ்ரியறிங்கை முழுதாக வெட்டினால் ரயர் மட்கார்ட்டில் உரசும். மாற்று அளவு எதுவானாலும் மொத்த உயரம் 3 வீதத்துக்கு மேல் விலகக்கூடாது. உங்கள் 14 அங்குல றிம்முக்கே 175/65ஆர்14 போடலாம். உயரம் 583, வித்தியாசம் ஒரு வீதம்கூட இல்லை. எது எளிதாகக் கிடைக்கிறதோ, எது புதிதோ அதை எடுங்கள். அளவுக்குப் பின்னால் இருக்கும் இலக்கத்தையும் பாருங்கள்: 81 என்றால் ஒரு ரயர் 462 கிலோ தாங்கும், 82 என்றால் 475. பழைய ரயரில் உள்ளதை விடக் குறைந்த இலக்கம் வேண்டாம்.

பிறகொரு நாள் அலோய் வாங்கினாலும் மூன்று விடயங்களைக் கையால் தொட்டுப் பாருங்கள். முதலாவது நட் துளைகள். எதிரெதிர்த் துளைகளின் மையத்திலிருந்து மையத்துக்கு உங்களுக்கு 100 மில்லிமீற்றர் வரவேண்டும். 114.3 உள்ள நான்கு துளை றிம்மும் பார்வைக்கு அதேபோலத்தான் இருக்கும், ஆகவே அளவுகோல் வைத்தே அளவுங்கள். அடுத்தது நடுத்துளை. உங்கள் விட்ஸில் றிம்மின் நடுத்துளைக்குள் நுழையும் ஹப் 54.1 மில்லிமீற்றர், ஹொண்டா ஃபிற் றிம்மின் நடுத்துளை 56.1. பூட்டிவிடலாம், ஆனால் நடுவில் நிற்காது, வேகத்தில் ஸ்ரியறிங் நடுங்கும். இடையில் ஒரு ஹப் வளையம் போடவேண்டும்.

மூன்றாவதுதான் ஆபத்தானது: நட் உட்காரும் இடம். ஹொண்டாவின் சொந்த றிம்மில் அந்தக் குழி கிண்ணம்போல உருண்டையாக இருக்கும். கடையில் வாங்கும் பெரும்பாலான அலோய்களில் அது புனல்போலச் சரிவாக இருக்கும். இரண்டுக்கும் புரி ஒன்றுதான், 12 மில்லிமீற்றர் தடிப்பு, புரி இடைவெளி 1.5, அதனால் எந்த நட்டும் ஏறிவிடும். உருண்டைக் குழியில் கூம்பு நட்டை இறுக்கினால் அது ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும் தொட்டு நிற்கும். ஓட ஓடத் தளரும். றிம்மை வாங்கும்போதே அதற்குரிய 16 நட்டையும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: இப்போதைக்கு இரண்டு ரயர்தான் வாங்க வசதி. முன்னுக்குத்தானே போடவேண்டும்?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: இல்லை அம்மா, பின்னுக்கு. முன்சக்கரம் இழுக்கும் காரில் முன்ரயர்தான் முதலில் தேயும், அதனால் புதியதையும் அங்கேயே போடும் வழக்கம் எங்கும் உண்டு. ஆனால் மாரியில் தண்ணீர் தேங்கிய தார் வீதியில், தேய்ந்த ரயர் நீரை வெட்டி ஒதுக்க முடியாமல் அதன் மேலே மிதக்கும். முன்ரயர் மிதந்தால் கார் நேரே போகும். நீங்கள் அக்ஸிலேற்றரை விட்டதும் வேகம் குறைந்து மீண்டும் பிடிக்கும். பின்ரயர் மிதந்தால் வால் பக்கம் சுழன்று கார் குறுக்கே திரும்பிவிடும், அதை நிமிர்த்த எல்லாராலும் முடியாது. இருப்பதில் நல்ல இரண்டை முன்னுக்கு மாற்றி, புதியதைப் பின்னுக்குப் போடச் சொல்லுங்கள்.

முன்னுக்குப் போகும் இரண்டின் வெட்டுப் பள்ளமும் 1.6 மில்லிமீற்றருக்கு மேல் இருக்கவேண்டும். பள்ளத்தின் அடியில் குறுக்கே ஒரு சிறு மேடு இருக்கும். ரயர் அந்த மேட்டு மட்டத்துக்கு வந்துவிட்டால் முடிந்தது. ஐப்பசிக்கு முன் பார்ப்பதென்றால் 3 மில்லிமீற்றராவது இருக்கட்டும்.

கேள்வி: பாவித்த யப்பான் ரயர் வாங்கலாமா? பார்க்கப் புதிதுபோல இருக்கிறது.
– வாசகர், மாங்குளம்

பதில்: பள்ளத்தின் ஆழத்தைப் பார்த்து ஏமாறவேண்டாம், வயதைப் பாருங்கள். பக்கச்சுவரில் டி.ஓ.ரி. (DOT) என்று தொடங்கும் வரியின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை. அது ஒரு பக்கத்தில் மட்டுமே முழுதாக இருக்கும், தெரியாவிட்டால் ரயரைத் திருப்பச் சொல்லுங்கள். ஆறு வருடம் கடந்ததை எங்கள் வெயிலுக்கு வாங்கவேண்டாம். றப்பர் இறுகிப்போயிருக்கும், ஈரத்தில் பிடிக்காது. கறுப்பு மினுக்கம் பூசியிருந்தால் துணியால் துடைத்து, பக்கச்சுவரை விரலால் வளைத்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்புகள் வாய்திறக்கும்.

பிறகு உட்புறம். உள்ளங்கையால் முழுச் சுற்றும் தடவுங்கள். ஒட்டு, மேடு, றப்பர் தூள் எதுவும் இருக்கக்கூடாது. உள்ளே பக்கச்சுவரோரம் வட்டமாகத் தேய்ந்த கோடும் கரித்தூளும் இருந்தால், அந்த ரயர் காற்றில்லாமல் ஓடியிருக்கிறது. அதைக் கையில் எடுக்கவே வேண்டாம்.

கேள்வி: ரியூப்லெஸ் ரயரில் காற்று மெதுவாக இறங்குகிறது. உள்ளே ரியூப் போட்டால் சரியென்கிறார்கள்.
– வாசகர், பரந்தன்

பதில்: முதலில் எங்கே இறங்குகிறது என்று பிடியுங்கள். சவர்க்கார நுரையை வால்விலும், றிம்மும் ரயரும் சேரும் இரு ஓரங்களிலும், மிதிபகுதியிலும் பூசினால் குமிழி காட்டிக்கொடுக்கும். உடைமுள் ஏறிய துளை மிதிபகுதியில் 6 மில்லிமீற்றருக்குள் இருந்தால் கழற்றி, உள்ளிருந்து ஒட்டலாம். வால்வு என்றால் புது வால்வு போடுங்கள். ரயர் மாற்றும் ஒவ்வொரு முறையும் அதை மாற்றுவது நல்லது.

இரும்பு றிம்மில் அனேகமாக ஓரத்துத் துருதான் காரணம். ரயரைக் கழற்றி, ரயர் உட்காரும் வளையத்தைக் கம்பித் தூரிகையால் உலோகம் தெரியச் சுரண்டி, பெயின்ற் அடித்துக் காயவிட்டுப் பூட்டவேண்டும். விளிம்பு மட்டும் வளைந்த இரும்பு றிம்மைத் தட்டி எடுக்கலாம். வெடித்த அலோயை வெல்டிங் செய்து ஓடவேண்டாம்.

ரியூப்லெஸ் ரயரின் உட்புறம் ரியூப்புக்காகச் செய்யப்படவில்லை. ரியூப் உரசிச் சூடாகி வெடித்தால் காற்று ஒரே நொடியில் போய்விடும். பக்கச்சுவர் வெட்டுப்பட்ட ரயருக்குள் ரியூப் போடுவது அதைவிட மோசம்.

கேள்வி: எனது யப்பான் காரின் கதவில் காற்று 230 என்று இருக்கிறது. கடையில் 30, 32 என்கிறார்கள்.
– வாசகர், கிளிநொச்சி

பதில்: அது கிலோபஸ்கல் கணக்கு, கடைக்காரர் சொல்வது பி.எஸ்.ஐ. கணக்கு. 230 என்றால் 33 பி.எஸ்.ஐ., 220 என்றால் 32. காலையில், கார் ஓடுமுன் அளவுங்கள். சூடான ரயரில் கூடுதலாகக் காட்டும், அதைக் குறைக்கவேண்டாம். சக்கரம் கழற்றிப் பூட்டியிருந்தால் 100 கிலோமீற்றருக்குள் நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.