ஆலை முதலாளிகளும் எந்திரம் உடைத்தவர்களும்: லுட்டைட்டுகள் பற்றிக் கேள்வி பதில்

1811 முதல் 1816 வரை இங்கிலாந்தில் நெசவு, பின்னல் தொழிலாளர்கள் இரவில் கூட்டமாகப் போய் எந்திரங்களை உடைத்தார்கள். 'லுட்டைட்டுகள்' என்று வரலாறு அவர்களைச் சொல்கிறது. அவர்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த வரையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி (ஈரோடு): சார், நீராவி எந்திரம் வந்ததும் வேலை போய்விடும் என்று பயந்து, விவரம் தெரியாமல் உடைத்தார்கள் என்றுதான் பள்ளியில் படித்தோம். அவ்வளவுதானா?

பதில்: இல்லை. முதலில் நீராவியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். 1811 மார்ச்சில் நாட்டிங்ஹாம் பக்கத்து ஆர்னால்டு என்ற ஊரில் உடைந்தவை காலுறை பின்னும் ஃப்ரேம்கள். வில்லியம் லீ என்பவர் 1589ல் கண்டுபிடித்த கருவி அது. கையாலும் காலாலும் இயக்குவார்கள். தலைமுறை தலைமுறையாக அந்தக் குடும்பங்களுக்குச் சோறு போட்டதே அந்த ஃப்ரேம்தான்.

கோபம் முதலாளிகள் நடந்துகொண்ட விதத்தின் மேல். ஃப்ரேம் பெரும்பாலும் பின்னுகிறவருக்குச் சொந்தமில்லை. வாரா வாரம் வாடகை கட்ட வேண்டும், வேலை சரியாக வராத வாரத்திலும் அது கூலியில் பிடிக்கப்படும். பிறகு அகலமான துணியாகப் பின்னி, அதை வெட்டித் தைத்து, காலுறை என்று மலிவாக விற்கத் தொடங்கினார்கள். தையல் சீக்கிரம் பிரிந்துவிடும், கெட்ட பெயர் மட்டும் தொழிலுக்கு மிஞ்சும். ஒழுங்காகத் தொழில் கற்காத ஆட்களைக் குறைந்த கூலிக்கு உட்கார வைத்தார்கள். அதனால்தான் உடைத்தவர்கள் ஆள் பார்த்து உடைத்தார்கள். கூலியைக் குறைத்தவரின் ஃப்ரேம் நொறுங்கும். அதே ஊரில் பழைய கூலி கொடுத்தவரின் ஃப்ரேமில் கீறல்கூட விழாது. விவரம் தெரியாதவர்கள் இப்படிச் செய்ய மாட்டார்கள்.

கேள்வி (மதுரை): மனு கொடுத்திருக்கலாம், வேலைநிறுத்தம் செய்திருக்கலாம். எதற்கு வன்முறை?

பதில்: செய்தார்கள். 1799, 1800ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி கூலி உயர்வுக்காகத் தொழிலாளர்கள் ஒன்று சேர்வதே குற்றம். 1824 வரை அந்தச் சட்டம் இருந்தது. யார்க்‌ஷயர் கம்பளித் தொழிலாளர்கள் பழைய பாதுகாப்புச் சட்டங்களை அமல்படுத்தச் சொல்லி வருடக்கணக்கில் நாடாளுமன்றத்துக்கு நடையாய் நடந்தார்கள். 1809ல் அந்தச் சட்டங்களையே நீக்கிவிட்டார்கள். 1812ல் கிராவனர் ஹென்சன் என்பவர் முன்நின்று பின்னல் தொழிலாளர்களுக்காக ஒரு மசோதாவைக் கொண்டுபோனார். மக்களவையில் தேறியது, பிரபுக்கள் சபையில் விழுந்தது. அத்தோடு நெப்போலியனுடன் போர், ஏற்றுமதி முடக்கம், ரொட்டி விலை உச்சம். சம்மட்டியைத் தூக்கியவர்களைக் குறை சொல்லும் முன் இந்தக் கதவுகளை எல்லாம் மூடியவர்கள் யார் என்றும் கேட்க வேண்டும்.

கேள்வி (சேலம்): அப்படியானால் நீராவித் தறியை யாருமே தொடவில்லையா?

பதில்: லங்காஷயரில் தொட்டார்கள். எட்மண்ட் கார்ட்ரைட் 1785ல் விசைத்தறிக்குக் காப்புரிமை வாங்கினார். அந்தத் தறிகளை வைத்த மான்செஸ்டர் ஆலை ஒன்று 1790களின் தொடக்கத்திலேயே எரிந்தது. 1812 ஏப்ரல் 20ல் மிடில்டன் என்ற ஊரில் விசைத்தறி ஆலையைக் கூட்டம் முற்றுகையிட்டது. உள்ளே இருந்தவர்கள் சுட்டதில் பலர் செத்தார்கள். ஏப்ரல் 24ல் வெஸ்ட்ஹாட்டன் ஆலை எரிந்தது. போல்டன் நீதிபதி ஒருவரின் சம்பளத்தில் இருந்த ஒற்றர்கள் அதற்கு முன்பே அந்த வட்டாரத்தில் ஆட்களைத் தூண்டிக்கொண்டிருந்தார்கள் என்பதும் பதிவில் இருக்கிறது. அந்த வழக்கில் நான்கு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். ஒருவன், ஆபிரகாம் சார்ல்ஸ்டன், 16 வயதுப் பையன். அதைவிடச் சிறியவன் என்று சொல்கிறவர்களும் உண்டு. எத்தனை தடவை படித்தாலும் அந்தப் பெயரில் நின்றுவிடுகிறேன்.

கேள்வி (சென்னை): பெண்கள் இருந்தார்களா?

பதில்: இருந்தார்கள். வெஸ்ட்ஹாட்டன் வழக்கில் மேரி, லிடியா மாலினூ என்ற இரண்டு இளம்பெண்கள் மீதும் குற்றம் சாட்டினார்கள். இருவரும் விடுதலையானார்கள்.

கேள்வி (கோயம்புத்தூர்): நான் சிறிய அளவில் ஆலை நடத்துகிறவன். முதலாளி தரப்பையும் சொல்லுங்கள் ஐயா. அவரும் கடன் வாங்கித்தானே எந்திரம் போட்டிருப்பார்?

பதில்: நியாயமான கேள்வி. வில்லியம் கார்ட்ரைட் என்பவரை எடுத்துக்கொள்வோம் (தறி கண்டுபிடித்த கார்ட்ரைட் வேறு). யார்க்‌ஷயரில் ராஃபோல்ட்ஸ் ஆலையை நடத்தியவர். கம்பளித் துணியின் மேல் எழும்பும் மயிரைச் சமமாகக் கத்தரிப்பது அந்த ஊர்களில் பெரிய கைவேலை. ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ள கத்தரிக்கோலைப் பிடித்து வேலை செய்யும் ஆட்களை 'கிராப்பர்' என்பார்கள். கார்ட்ரைட் அந்த வேலைக்கு எந்திரம் வைத்தார். மிரட்டல் கடிதம் வந்ததும் பல சிறு முதலாளிகள் எந்திரத்தைக் கழற்றி வைத்துவிட்டார்கள். இவர் கழற்றவில்லை. ஆலையிலேயே படுத்தார், சிப்பாய்களை வைத்தார், படிக்கட்டில் முள் பதித்த உருளைகளைப் பொருத்தினார்.

1812 ஏப்ரல் 11 இரவு சுமார் 150 பேர் வந்தார்கள். இருபது நிமிடம் போல சண்டை. கதவு உடையவில்லை. ஜான் பூத், சாமுவேல் ஹார்ட்லி என்ற இரண்டு இளைஞர்கள் காயத்தால் இறந்தார்கள். உள்ளே இருந்த சிப்பாய் ஒருவர், வெளியே நிற்பவர்கள் என் சகோதரர்களாக இருக்கலாம் என்று சொல்லிச் சுட மறுத்தார். அவருக்கு 300 கசையடி தீர்ப்பானது. கார்ட்ரைட்டே தலையிட்டுப் பேசியதால் 25 அடியோடு நின்றது. சக முதலாளிகள் கார்ட்ரைட்டுக்கு 3,000 பவுண்டு திரட்டிக் கொடுத்தார்கள்.

அவர் துணிச்சலை நான் மறுக்கவில்லை. பக்கத்து ஆலை எந்திரம் போட்டால் நாமும் போட்டாக வேண்டும் என்ற நெருக்கடியும் உண்மை. ஆனால் நஷ்டத்தைத் தாங்க முதலாளிக்குச் சக முதலாளிகளும் அரசின் பட்டாளமும் இருந்தார்கள். வேலை இழந்த கிராப்பருக்கு ஊர்ப் பிச்சைக்காசு மட்டும்தான். என் மனம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

கேள்வி (திருச்சி): முதலாளியைக் கொன்றதும் உண்டாமே?

பதில்: உண்டு. யார்க்‌ஷயரின் மார்ஸ்டன் என்ற ஊரில் ஆலை வைத்திருந்த வில்லியம் ஹார்ஸ்ஃபால். லுட்டைட்டுகளின் ரத்தத்தில் குதிரைச் சேணம் நனையச் சவாரி செய்வேன் என்று பேசியதாகச் சொல்லப்படுகிற மனிதர். ராஃபோல்ட்ஸ் சாவுகளுக்குப் பழியாக 1812 ஏப்ரல் 28ல் கிராஸ்லண்ட் மூர் சாலையில் அவரைச் சுட்டார்கள். எந்திரத்தை உடைப்பதும் மனிதனைச் சுடுவதும் ஒன்றல்ல. இந்தக் கொலையை நான் நியாயப்படுத்த மாட்டேன். யார்க்‌ஷயரில் அது இயக்கத்தையும் முடித்தது. கூட இருந்த பெஞ்சமின் வாக்கர் காட்டிக்கொடுக்க, ஜார்ஜ் மெல்லரும் இரண்டு பேரும் 1813 ஜனவரி 8ல் யார்க்கில் தூக்கிலிடப்பட்டார்கள். எட்டே நாளில், அதே இடத்தில், இன்னும் 14 பேர்.

கேள்வி (நாகர்கோவில்): நெட் லுட் யார்? 'ஈனாக்' என்றால் என்ன?

பதில்: நெட் லுட் என்று ஒரு தலைவர் இருந்ததற்கு ஆதாரமில்லை. ஆனால் கடிதங்களில் 'ஜெனரல் லுட், ஷெர்வுட் காடு' என்று கையெழுத்து இருக்கும். ராபின் ஹுட்டின் காடு என்பதால் எல்லோருக்கும் விளங்கியது. ஈனாக் என்பது சம்மட்டி. மார்ஸ்டனில் ஈனாக், ஜேம்ஸ் டெய்லர் என்ற சகோதரர்களின் பட்டறை கத்தரிக்கும் எந்திரத்தையும் செய்தது, சம்மட்டியையும் செய்தது. ஈனாக் செய்ததை ஈனாக்கே உடைக்கும் என்று சொல்லிக்கொண்டு அடித்தார்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): அரசாங்கம் நடுநிலையாக இருந்ததா?

பதில்: துளியும் இல்லை. கலகப் பகுதிகளுக்கு அனுப்பிய பட்டாளம் சுமார் 12,000 பேர். 1808ல் தளபதி வெல்லிங்டன் போர்ச்சுகலுக்குக் கூட்டிப்போன படையைவிடப் பெரியது. 1812ல் ஃப்ரேம் உடைத்தால் மரணதண்டனை என்று சட்டம் வந்தது. கவிஞர் பைரன் நாட்டிங்ஹாம்ஷயர்க்காரர். பிரபுக்கள் சபையில் தன் முதல் பேச்சையே, பிப்ரவரி 27ல், அந்த மசோதாவை எதிர்த்துப் பேசினார். பலிக்கவில்லை.

கேள்வி (கரூர்): கடைசியில் தோற்றுத்தானே போனார்கள்?

பதில்: நாட்டிங்ஹாம் பக்கம் கொஞ்ச நாள் கூலி ஏறியது. கிராப்பர்கள் முழுவதுமாகத் தோற்றார்கள். 1806க்கும் 1817க்கும் இடையில் யார்க்‌ஷயரில் எந்திரத்தில் ஓடும் கத்தரிகள் 100லிருந்து 1,462 ஆயின. 3,378 கிராப்பர்களில் 1,170 பேருக்கு வேலையே இல்லை, 1,445 பேருக்கு அரைகுறை வேலை. அவர்கள் பயந்தது அப்படியே நடந்தது. போல்டன் கைத்தறி நெசவாளரின் வாரக் கூலி 1795ல் 33 ஷில்லிங், 1815ல் 14, 1830 வாக்கில் ஐந்தரை. எந்திரத்தால் நாடு பின்னால் செழித்தது என்கிறார்கள். செழித்தது உண்மை. அந்த நெசவாளர் வாழ்ந்த காலத்தில் அவர் வீட்டுக்கு அது வந்து சேரவில்லை.

கேள்வி (காஞ்சிபுரம்): அந்த ஆலைகள்தானே நம் நெசவாளர்களையும் பாதித்தன?

பதில்: ஆமாம், ஆனால் வரிசை கொஞ்சம் வேறு. இந்தியத் துணி அங்கே அவ்வளவு விற்றதால்தான் 1700லும் 1721லும் தடைச் சட்டம் போட்டார்கள். அந்த வேலியின் நிழலில் லங்காஷயர் பருத்தித் தொழில் வளர்ந்தது. பின்னால் அங்கிருந்து நூலும் துணியும் சென்னை மாகாணத்துக்கு வந்து இறங்கியபோது முதல் அடி வாங்கியவர்கள் வீட்டில் ராட்டை சுற்றிய பெண்கள். நெசவாளர்கள் ஆலை நூலை வாங்கியாவது தறியை ஓட்டினார்கள். நூற்ற பெண்களின் வருமானம் சத்தமில்லாமல் போனது. லங்காஷயரிலும் நூல் நூற்கும் ஜென்னி எந்திரம் வந்தபோது கைநூற்புப் பெண்களுக்குத்தான் முதல் இழப்பு. அதைக் கண்டுபிடித்த ஹார்கிரீவ்ஸின் ஜென்னிகளை 1768ல் ஊர்க்காரர்கள் உடைத்ததன் பின்னணி அதுதான்.

கேள்வி (சிங்கப்பூர்): அடுத்த வருடம் இங்கிலாந்து போகிறேன். பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

பதில்: நாட்டிங்ஹாமிலிருந்து சிறிது தூரத்தில் ரட்டிங்டன் என்ற ஊரில் பின்னல் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. தொழிலாளர் குடிசைகள், பட்டறை, ஃப்ரேம்கள் எல்லாம் ஒரே வளாகத்தில். ஃப்ரேமை ஓட்டிக் காட்டச் சொல்லிப் பாருங்கள். எவ்வளவு நுணுக்கமான கைவேலை என்பது அப்போது விளங்கும். யார்க்‌ஷயர் பக்கம் போனால் மார்ஸ்டனில் ஈனாக் டெய்லரின் கல்லறை இருக்கிறது.