கார்டு கடனை இன்னொரு கார்டுக்கு மாற்றலாமா? கேள்வி பதில்

பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு வங்கியின் கிரெடிட் கார்டில் நிற்கும் பாக்கியை இன்னொரு வங்கியின் கார்டு அடைத்துவிடும். அந்தத் தொகையைச் சில மாதங்களுக்கு வட்டியில்லாமலோ குறைந்த வட்டியிலோ தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். விஷயம் இவ்வளவுதான். வங்கிக் கடன் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். வட்டி, ஃபீஸ் எல்லாம் வங்கிக்கு வங்கி மாறும் என்பதால், நான் போடும் கணக்கில் உங்கள் எண்களை வைத்துப் பாருங்கள்.

கேள்வி (திருப்பூர், பனியன் கம்பெனி கணக்காளர்): சார், கார்டில் 1 லட்சம் பாக்கி. மினிமம் டியூ மட்டும் கட்டி வருகிறேன். "60 நாள் வட்டி கிடையாது, 2% ஃபீஸ் மட்டும்" என்று வேறு வங்கியிலிருந்து போன் வருகிறது. மாதம் 18,000 வரை கட்ட முடியும். மாற்றலாமா?

பதில்: முதலில் இப்போது என்ன கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். உங்கள் கார்டு வட்டி மாதம் 3.5% என்று வைத்துக்கொள்வோம். 1 லட்சத்துக்கு 3,500. அதன் மேல் 18% ஜிஎஸ்டி 630. ஆக மாதம் 4,130 ரூபாய். மினிமம் டியூ 5%, அதாவது 5,000 கட்டினால் அசலில் கழிவது 870 ரூபாய்தான். ஊர்ப் பேச்சில் சொன்னால் நூற்றுக்கு நாலு ரூபாய் வட்டிக்கும் மேலே. தெருவில் ஒருவர் இந்த வட்டிக்குக் கொடுத்தால் கந்துவட்டிக்காரர் என்போம். கார்டில் வந்தால் ஏர்போர்ட் லவுஞ்சும் சேர்த்துத் தருகிறார்கள்.

இப்போது அந்த ஆஃபர். 2% ஃபீஸ் 2,000, ஜிஎஸ்டி 360. மொத்தம் 2,360. இரண்டு மாதத்தில் நீங்கள் 36,000 அடைப்பீர்கள். அந்த இரண்டு மாதமும் பழைய கார்டிலேயே இருந்திருந்தால் வட்டியும் வரியுமாக 7,500 போல் போயிருக்கும். ஃபீஸ் போக ஐயாயிரம் மிச்சம். நல்லதுதான். ஆனால் 61-வது நாள் மீதி 64,000 புதிய கார்டின் வழக்கமான வட்டிக்குப் போய்விடும். அதுவும் 3.5% சுமார்தான் இருக்கும். உங்கள் கடன் அடைய ஆறு மாதம் வேண்டும், அவர்கள் தருவது இரண்டு மாதம். அதனால் போன் செய்தவரிடம் 60 நாள் திட்டத்தை விட்டுவிட்டு, ஆறு மாத இஎம்ஐ திட்டம் என்ன வட்டி என்று கேளுங்கள்.

கேள்வி (அதே நண்பர்): கேட்டேன் சார். 6 மாதம், மாதம் 1.7% என்கிறார்கள். பர்சனல் லோன் 14% ஆண்டு வட்டிக்கு இன்னொருவர் தருகிறார். எது?

பதில்: இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். கிரெடிட் கார்டு வட்டிக்கு ஜிஎஸ்டி உண்டு, பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் வட்டிக்கும் சேர்த்து. பர்சனல் லோன் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது, பிராசஸிங் ஃபீஸுக்கு மட்டும்தான். அதனால் கார்டில் 1.7% என்றால் உங்கள் கையிலிருந்து போவது 2%.

1 லட்சத்தை 6 மாதத்தில் அடைப்பதாக வைத்துப் போட்டுப் பார்த்தேன். பழைய கார்டிலேயே 3.5%-இல் அடைத்தால் வட்டியும் வரியுமாக ஏறக்குறைய 14,900. டிரான்ஸ்ஃபர் செய்தால் 7,100 வட்டி, வரி, அதோடு 2,360 ஃபீஸ், சுமார் 9,500. பர்சனல் லோன் 14%, அதற்கும் 2% ஃபீஸ் என்றால் மொத்தமே 6,500. ஆனால் பர்சனல் லோனைப் பெரும்பாலும் 12 மாதத்துக்குக் குறைந்து தர மாட்டார்கள். முன்கூட்டி அடைத்தால் கட்டணம் உண்டா என்று கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

இன்னொன்று. வீட்டில் நகை இருந்தால், வங்கியில் 10% நகைக்கடனில் இதே ஒரு லட்சத்தை மாதாமாதம் அசலோடு அடைத்தால் ஆறு மாத வட்டி 3,000 ரூபாய்தான். பீரோவில் நகையை வைத்துக்கொண்டு கார்டுக்கு நாலு வட்டி கட்டும் குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அடகு வைத்தால் கௌரவக் குறைச்சல் என்று நினைப்பார்கள். கார்டு கடன் யார் கண்ணுக்கும் தெரியாது, அதுதான் வித்தியாசம்.

கேள்வி (சேலம்): எனக்கு "மாதம் 1% மட்டும், 12 மாதம்" என்று வந்திருக்கிறது. இது மலிவுதானே?

பதில்: "ஃபிளாட்" வட்டியா என்று கேளுங்கள். ஃபிளாட் என்றால் நீங்கள் அசலைக் கட்டிக் குறைத்துக்கொண்டே வந்தாலும் வட்டி வாங்கிய முழுத் தொகைக்கே ஓடும். 1 லட்சம் என்றால் 12,000 வட்டி, மாதத் தவணை 9,333. கடைசித் தவணையில் உங்களிடம் இருக்கும் அசல் ஒன்பதாயிரம் சொச்சம், ஆனால் வட்டி 1 லட்சத்துக்கு. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் இது ஆண்டுக்கு 21%-க்கும் மேல். வரி தனி. பழைய கார்டை விட மலிவு என்பது உண்மைதான், 12% என்பது உண்மையில்லை.

கேள்வி (மதுரை): அண்ணே, எங்க ஏரியாவில் ஒரு மொபைல் கடைக்காரர் கார்டு பில்லை அவரே கட்டிவிட்டு, அடுத்த நிமிஷம் அதே கார்டை ஸ்வைப் செய்து எடுத்துக்கொள்கிறார். 2.5% கமிஷன். இதுவும் பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் மாதிரிதானே?

பதில்: இல்லை தம்பி. டிரான்ஸ்ஃபரில் கடன் இடம் மாறி, ஒரு முடிவுத் தேதியும் கிடைக்கிறது. இதில் கடன் அங்கேயேதான் நிற்கிறது, தேதி மட்டும் ஒரு மாதம் தள்ளிப்போகிறது. மாதம் 2.5% என்றால் வருஷத்துக்கு 30%, அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாமல். பொருள் வாங்காமல் பொய்யாக ஸ்வைப் செய்வது கார்டு ஒப்பந்தத்துக்கும் விரோதம். மாதாமாதம் பில் கட்டிய அன்றே ஒரே கடையில் முழு லிமிட்டும் போவதை வங்கியின் கணினி பார்த்துக்கொண்டுதான் இருக்கும். ஒருநாள் லிமிட்டைக் குறைப்பார்கள் அல்லது கார்டை முடக்குவார்கள். கடைக்காரர் உங்கள் பில்லைக் கட்டிய பிறகு அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் வங்கிக்கு எழுதிப் போட மாட்டார், நேரே உங்கள் வீட்டு வாசலுக்கு வருவார்.

கேள்வி (நெல்லை, பள்ளி ஆசிரியை): டிரான்ஸ்ஃபருக்கு விண்ணப்பித்து ஒப்புதலும் வந்துவிட்டது. அதை நம்பிப் பழைய கார்டுக்கு இந்த மாதம் கட்டவில்லை. லேட் ஃபீஸ் போட்டுவிட்டார்கள். நியாயமா?

பதில்: நியாயம்தான் டீச்சர். ஒப்புதல் வேறு, பணம் போய்ச் சேர்வது வேறு. சில வங்கிகள் நெஃப்ட் மூலம் அனுப்பும், சில டிடி எடுத்து அனுப்பும். பழைய கார்டின் ஸ்டேட்மென்டில் வரவு தெரிகிற வரை மினிமம் டியூவாவது கட்டிவிட வேண்டும். ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகளின்படி, டியூ டேட் தாண்டி மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் லேட் ஃபீஸ் போடலாம். உங்கள் பில்லில் தேதியைப் பாருங்கள். மூன்று நாளுக்குள் பணம் சேர்ந்திருந்தால் எழுதிக் கேட்டுத் திரும்ப வாங்கலாம்.

அடுத்த மாதமும் பழைய கார்டில் சின்னத் தொகை ஒன்று வரும், பதறாதீர்கள். பில் போட்ட நாளுக்கும் டிரான்ஸ்ஃபர் பணம் சேர்ந்த நாளுக்கும் இடைப்பட்ட வட்டி அது. "எல்லாம்தான் அடைத்தாச்சே" என்று விட்டுவிட்டால் அந்தச் சின்னத் தொகை சிபில் அறிக்கையில், அதாவது உங்கள் கடன் வரலாற்றுப் பதிவில், பாக்கியாக நிற்கும்.

கேள்வி (சென்னை): புதிய கார்டில் டிரான்ஸ்ஃபர் தொகை இருக்கும்போதே மளிகை, பெட்ரோல் எல்லாம் அதில் போடலாமா? ரிவார்டு பாயின்ட் வருமே.

பதில்: வேண்டாம். பாக்கியை நிறுத்தி வைத்திருக்கும் கார்டில் பொதுவாக அந்த 45, 50 நாள் வட்டியில்லாக் காலம் போய்விடும். வாங்கிய அன்றிலிருந்தே வட்டி ஓடும். சில வங்கிகள் டிரான்ஸ்ஃபர் இஎம்ஐயைத் தனியாக வைத்து விலக்குத் தரும், ஆனால் அதை எழுத்தில் பார்க்காமல் நம்பக் கூடாது. அந்தக் கார்டைக் கடன் அடையும் வரை பர்ஸில் வைக்காதீர்கள். மளிகைக்கு யுபிஐ போதும்.

கேள்வி (கோவை): சிபில் ஸ்கோர் 640. கிடைக்குமா?

பதில்: கஷ்டம். கிடைத்தாலும் லிமிட் சிறியதாக இருக்கும், அதிலும் முழு லிமிட்டுக்கு டிரான்ஸ்ஃபர் தர மாட்டார்கள். நாலு வங்கியில் வரிசையாக விண்ணப்பித்தால் ஒவ்வொன்றும் விசாரணையாகப் பதிவாகி ஸ்கோர் இன்னும் இறங்கும். இப்போதைய வங்கிக்கே போன் செய்து பாக்கியை இஎம்ஐயாக மாற்றித் தரச் சொல்லுங்கள். புதிய கார்டு வேண்டாம், புதிய விசாரணை வேண்டாம். டிரான்ஸ்ஃபரை யோசிக்கிற எல்லோருமே முதலில் செய்ய வேண்டிய போன் இது. ஏனோ யாரும் செய்வதில்லை.

கேள்வி (டெக்ஸாஸ், அமெரிக்கா): இங்கே 18 மாதம் 0% என்று கார்டு வருகிறது, ஃபீஸ் 3%. என் பாக்கி 6,000 டாலர், வட்டி 24%. இந்தியக் கணக்கு இங்கே பொருந்துமா?

பதில்: பொருந்தாது, உங்களுக்கு யோகம். அங்கே 15 முதல் 21 மாதம் வரை 0% சாதாரணமாகக் கிடைக்கிறது, ஃபீஸ் 3 முதல் 5%. உங்கள் ஃபீஸ் 180 டாலர். 6,180-ஐ 18 மாதத்தில் அடைக்க மாதம் 344 டாலர். இப்போதைய கார்டிலேயே 18 மாதத்தில் அடைத்தால் மாதம் 400 கட்ட வேண்டும், மொத்த வட்டி 1,200 டாலர். ஆயிரம் டாலர் மிச்சமாகும் விஷயத்தில் யோசிக்க ஒன்றுமில்லை, எடுங்கள். 344-ஐ ஆட்டோ பே போட்டுவிடுங்கள், வங்கி காட்டும் மினிமம் தொகையை அல்ல. ஒரே வங்கியின் இரண்டு கார்டுகளுக்குள் மாற்ற முடியாது. கார்டு வந்த முதல் சில மாதங்களுக்குள் மாற்றினால்தான் ஆஃபர் செல்லும், அந்தக் கெடுவைப் படியுங்கள்.

ஒரு எச்சரிக்கை: கடைகள் தரும் "18 மாதத்தில் முழுதும் கட்டினால் வட்டியில்லை" கார்டு வேறு ரகம். அதில் கடைசி நாளில் பத்து டாலர் மிச்சம் இருந்தாலும் வாங்கிய நாளிலிருந்து கணக்கிட்ட வட்டி முழுதும் தலையில் விழும். பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் 0%-இல் மீதித் தொகைக்கு மட்டும்தான், அதுவும் அன்றிலிருந்துதான் வட்டி.

கேள்வி (திருச்சி): கார்டுக்கு ஆண்டுக்கு 40% வட்டி வாங்குவது சட்டப்படி செல்லுமா? 30%-க்கு மேல் கூடாது என்று தீர்ப்பு இருப்பதாகச் சொல்கிறார்களே.

பதில்: இருந்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் அப்படிச் சொன்னது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. தமிழ்நாட்டின் 2003 கந்துவட்டித் தடைச் சட்டமும் வங்கிகளைத் தொடாது. வழக்கை நம்பிக் கட்டாமல் இருக்காதீர்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம்): வேலை போய் மூன்று மாதம். இரண்டு கார்டிலும் சேர்த்து 2.4 லட்சம். டிரான்ஸ்ஃபர் செய்தால் மூச்சு விடலாமா?

பதில்: வருமானம் இல்லாத நேரத்தில் டிரான்ஸ்ஃபர் எடுக்காதீர்கள். ஃபீஸ் கொடுத்து இரண்டு மாதம் வாங்கி, அதே இடத்தில் நிற்பீர்கள். இரண்டு வங்கிக்கும் வேலை போனதை மின்னஞ்சலில் எழுதி, நீண்ட தவணையாக மாற்றித் தரக் கேளுங்கள். "பாதி கட்டுங்கள், முடித்துக்கொள்ளலாம்" என்று செட்டில்மென்ட் பேசுவார்கள். அதற்குச் சம்மதித்தால் சிபிலில் "செட்டில்டு" என்று பதிவாகும், பின்னால் வீட்டுக் கடன் கேட்கும்போது அது குறுக்கே நிற்கும். வேறு வழியே இல்லையென்றால் மட்டும் செய்யுங்கள், செட்டில்மென்ட் கடிதம் கையில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மீறினால் தேதி, நேரத்தோடு குறித்து வைத்து வங்கிக்குப் புகார் எழுதுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) இலவசமாகப் புகார் செய்யலாம்.

கேள்வி (ஈரோடு): டிரான்ஸ்ஃபர் முடிந்தது. பழைய கார்டை மூடட்டுமா? லிமிட் அப்படியே இருந்தால் ஸ்கோருக்கு நல்லது என்கிறார் நண்பர்.

பதில்: நண்பர் சொல்வது சரிதான், பயன்படுத்தாத லிமிட் ஸ்கோருக்கு நல்லது. ஆனால் காலியான கார்டு கையில் இருந்தால் தீபாவளிக்குள் அது நிரம்பியிருக்கும். அப்புறம் ஒரு கடன் இரண்டாகும். அந்தக் கடன் எப்படி ஏறியது என்பதைப் பொறுத்து முடிவு செய்யுங்கள். ஆஸ்பத்திரிச் செலவு என்றால் கார்டை வைத்துக்கொள்ளலாம், லிமிட்டை மட்டும் குறைக்கச் சொல்லுங்கள். மாதச் செலவே ஏறி ஏறி வந்தது என்றால் மூடிவிடுங்கள், ஸ்கோர் பிறகு ஏறிக்கொள்ளும். பாக்கி இல்லாத கார்டை மூடக் கேட்டால் 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். போனில் சொன்னால் "சார், இன்னொரு ஆஃபர் இருக்கிறது" என்று இழுப்பார்கள். மின்னஞ்சலில் எழுதுங்கள், அந்தத் தேதியிலிருந்து எண்ணலாம்.