ஐ7 காம்போ சல்லிசா கிடைக்குது, வாங்கலாமா?

கேள்வி: பையன் காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் சேந்திருக்கான், கோடிங்கும் கொஞ்சம் வீடியோ எடிட்டிங்கும் பண்ணணுமாம். 35,000 ரூபாய்க்குள்ள அசெம்பிள் பண்ணணும், மானிட்டர் இருக்கு, பழைய சிஸ்டத்துல இருந்து எடுத்த 8 ஜிபி டிடிஆர்4 ராம் ஒண்ணும் கைல இருக்கு. ஒரு கடைல ஐ7 ப்ராசசரும் ஹெச்61 மதர்போர்டும் சேத்து சல்லிசா தர்றாங்க, போர்டு புது பாக்ஸ்தான். இன்னொரு கடைல கேமிங் போர்டு போட்டாதான் ஸ்பீடுன்றாங்க. எதை வாங்க?
- ஒரு அப்பா, திண்டுக்கல்

பதில்: ரெண்டுமே வேணாங்க. பாக்ஸ் புதுசா இருக்கலாம், ஆனா ஹெச்61ங்கிறது 2011ல வந்த சிப்செட் (போர்டுல இருக்கிற முக்கியமான சிப்), அதுல உக்கார்றது இன்டெல் 2வது, 3வது ஜெனரேஷன் ப்ராசசர், அதனால அந்த ஐ7 எங்கயோ கழட்டின பழசாத்தான் இருக்கும். விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் கேக்குறது 8வது ஜெனரேஷன்ல இருந்துதான், விண்டோஸ் 10 சப்போர்ட்டும் 2025 அக்டோபரோட முடிஞ்சிருச்சு. இதுக்கு மேல அந்த போர்டுக்கு டிடிஆர்3ங்கிற பழைய வகை ராம்தான், உங்க டிடிஆர்4 ராம் அதுல சொருகவே சொருகாது.

கேமிங் போர்டு கதை வேற. ஸ்பீடு வர்றது ப்ராசசர், ராம், எஸ்எஸ்டில இருந்து, அதே ப்ராசசர போட்டா சாதா போர்டுக்கும் பளபளா லைட்டு போர்டுக்கும் உங்க பையன் வேலைல வித்தியாசமே தெரியாது. முதல்ல ப்ராசசர முடிவு பண்ணுங்க. என் சாய்ஸ் ஐ5-12400, 6 கோர், பட்ஜெட் இடிச்சா ஐ3-12100. பேருக்கு பின்னாடி எஃப் போட்டது மட்டும் வேணாம், அதுல கிராபிக்ஸ் கிடையாது, தனியா கார்டு வாங்கணும்.

இதுக்கு ஹெச்610 போர்டு தாராளம். ஆனா அதே ஹெச்610லயே டிடிஆர்4 மாடலும் வருது டிடிஆர்5 மாடலும் வருது, பேரு கிட்டத்தட்ட ஒண்ணு போலவே இருக்கும், டிடிஆர்4னு பாக்ஸ்லயே படிச்சு பாத்து வாங்குங்க. என்விஎம்இங்கிற வேகமான எஸ்எஸ்டி போட எம்.2 ஸ்லாட்டு இருக்கா, உங்க மானிட்டர் கேபிளுக்கு ஏத்த போர்ட்டு இருக்கா, இது ரெண்டும் கட்டாயம் பாக்கணும். வைஃபை பெரும்பாலும் அதுல இருக்காது, அப்படின்னா சின்ன யூஎஸ்பி டாங்கிள் போதும்.

கைல இருக்கிற ராம் நீளமான டெஸ்க்டாப் ராம்தானான்னு ஒரு தடவ பாத்துக்குங்க, சில குட்டி ஆபீஸ் சிஸ்டத்துல லேப்டாப் ராம்தான் இருக்கும், அது ஆகாது. சரியா இருந்தா இன்னொரு 8 ஜிபி வாங்கி ரெண்டு ஸ்லாட்டுலயும் போடுங்க, தனி கார்டு இல்லாத சிஸ்டத்துல கிராபிக்ஸும் இந்த ராமைத்தான் எடுத்துக்கும், ஜோடியா போட்டா எடிட்டிங்ல நல்லாவே உதவும். பழசு 2400 ஸ்பீடா இருந்தா புதுசும் அந்த ஸ்பீடுக்கு இறங்கித்தான் ஓடும், பரவால்ல, காசு மிச்சம்.

இன்டெலுக்கு பதிலா ஏஎம்டி ப்ராசசர்னா ரைசன் 5 5600ஜி, கூட ஏ520 போர்டு, இதுவும் டிடிஆர்4தான். ஏஎம்டியோட ஏஎம்5 சாக்கெட்டு (ப்ராசசர் உக்கார்ற இடம்) பின்னாடி அப்கிரேடு பண்ண வசதிதான், ஆனா அது டிடிஆர்5 மட்டும், கைல இருக்கிற ராம் வீணாப்போயிரும்.

வாங்குறப்ப ஒண்ணு. இன்டெல் போர்டுல பின்னு எல்லாம் சாக்கெட்டுலதான் இருக்கும். கடைலயே மூடியை திறந்து பாருங்க, ஒரு பின்னு வளைஞ்சிருந்தாலும் பின்னாடி வாரன்டி தரமாட்டாங்க. சீரியல் நம்பரோட ஜிஎஸ்டி பில்லு கேட்டு வாங்கிக்குங்க.