அப்பாவுக்குத் தாத்தாவின் .25 போதுமா, .32 வாங்கலாமா?

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது இது: மதுரை தெற்காவணி மூல வீதியில் நகைக்கடை, கடையை மூடிவிட்டு இரவில் அப்பா தனியாக வீடு திரும்புகிறார். தாத்தா இறந்து சில வாரம் ஆகிறது, அவருடைய பழைய .25 வெப்லி பிஸ்டல் பீரோவில் இருக்கிறது. அதையே அப்பா பெயருக்கு மாற்றிப் பையில் வைத்துக்கொள்ளலாமா, இல்லை .22, .32 என்று சின்னதாகப் புதிதாக ஒன்று வாங்கலாமா, அமெரிக்காவில் இருக்கும் மாமா .380-க்குக் கீழே எதையும் தொடாதே என்கிறாரே.

காலிபர் (.25, .32 என்று குழல் விட்டத்தை அங்குலத்தில் சொல்லும் அளவு) பற்றிப் பேசுவதற்கு முன்னால், பீரோவில் இருப்பதை முதலில் வெளியே எடுங்கள். லைசென்ஸ் வைத்திருந்தவர் இறந்துவிட்டால் அந்தத் துப்பாக்கியை வாரிசுகள் தாமதிக்காமல் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். 1959 ஆயுதச் சட்டத்தின் 21-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. அப்பாவிடம் தோப்புக்காக 12 போர் வேட்டைத் துப்பாக்கி லைசென்ஸ் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அந்த லைசென்ஸ் இந்தப் பிஸ்டலுக்குச் செல்லாது. நாளைக்கே ஒப்படையுங்கள்.

மாமா சொல்வது அவர் ஊருக்குச் சரி. அங்கே கால்சட்டைப் பையில் அடங்குகிற .380 பிஸ்டல்கள் கால் கிலோ எடையில் கடையில் கிடைக்கும், சின்ன 9 மி.மீ. பிஸ்டல்களும் கிடைக்கும். நம் நாட்டில் 9 மி.மீ., .38, .45 எல்லாம் தடைசெய்யப்பட்ட போர் (குழல் அளவு), போலீசுக்கும் ராணுவத்துக்கும் உரியவை. .380-ம் சாதாரண லைசென்ஸை நீட்டிக் கேட்டு வாங்குகிற பொருள் இல்லை. பட்டாளத்தில் நான் 9 மி.மீ. பிஸ்டல் சுட்டிருக்கிறேன், நல்ல தோட்டாதான், ஆனால் வாங்க முடியாத ஒன்றை அளவுகோலாக வைத்துக்கொண்டு யோசித்தால் முடிவுக்கே வர முடியாது. சின்னக் கைத்துப்பாக்கியில் நமக்குப் பெரும்பாலும் இருப்பது .22, .25, .32தான்.

.25-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி வடிவமைப்பாளர் பிரௌனிங் 1905-ல் கொண்டுவந்த தோட்டா, குண்டு மூன்றேகால் கிராம், வேகமும் குறைவு, வெளியே வரும்போது ஆற்றல் சுமார் 90 ஜூல். அதே பிரௌனிங்கின் .32 ஏ.சி.பி. (1899) சுமார் 170 ஜூல், ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் என் கவலை ஜூல் பற்றியது இல்லை. .25 தோட்டா நம் பக்கத்துக் கடைகளில் அரிது, கிடைத்தாலும் எத்தனை வருடப் பழசு என்று சொல்ல முடியாது. தோட்டா இல்லாவிட்டால் பழக முடியாது, பழகாதவர் கையில் துப்பாக்கி இருப்பது அவருக்கே ஆபத்து. அதோடு அந்தக் காலத்துச் சின்னப் பிஸ்டல்கள் பலவற்றில், கீழே விழுந்தால் தோட்டாவை வெடிக்கவைக்கும் ஊசி அதில் அடிக்காமல் தடுக்கும் அமைப்பு கிடையாது, ஸ்பிரிங்கும் தளர்ந்திருக்கும். குழலுக்குள் தோட்டா ஏற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் போகிற சாமானே இல்லை அது.

.22-ஐப் பலர் சொல்வார்கள். கிக் (சுடும்போது கையில் வரும் உதைப்பு) இல்லை, தோட்டா மலிவு. இஷாப்பூரில் செய்கிற நிடார் ரிவால்வர் கால் கிலோதான், பையில் இருப்பதே தெரியாது. ஆனாலும் உயிரைக் காக்க நான் அதைச் சொல்ல மாட்டேன். .22 தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து அடித்தட்டின் விளிம்புக்குள் பரப்பப்பட்டிருக்கும். ஓரிடத்தில் அது சரியாகப் பரவாமல் இருந்து ஊசியும் அங்கேயே அடித்தால் தோட்டா வெடிக்காது. .32-ல் மருந்து நடுவில் தனிக் கிண்ணமாக, பிரைமராக இருக்கிறது, ஏமாற்றுவது குறைவு. ரைபிள் கிளப்பில் .22 மக்கர் செய்வதை அடிக்கடி பார்க்கிறேன், அங்கே பரவாயில்லை, எடுத்துப் போட்டுவிட்டு அடுத்ததைச் சுடலாம்.

ஆகவே .32. அதிலும் இரண்டு உண்டு, ஒன்றின் தோட்டாவை மற்றதில் போடக் கூடாது, கடையில் தெளிவாகக் கேளுங்கள். பிஸ்டலுக்கு .32 ஏ.சி.பி., அதாவது 7.65 மி.மீ. ரிவால்வருக்கு .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங், குண்டு கொஞ்சம் கனம், வேகம் குறைவு, ஆற்றல் 150 ஜூல் பக்கம். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. தோட்டாக்களைச் சோதிக்கும்போது உடம்புச் சதைக்குப் பதிலாக வைக்கும் ஜெலட்டினில் குறைந்தது 12 அங்குலம் ஊடுருவ வேண்டும் என்கிறது. கைத்துப்பாக்கிக் குண்டு ஆளைத் தூக்கி எறிவதெல்லாம் சினிமா, ஆழமாகப் போவதும் சரியான இடத்தில் படுவதும்தான் கணக்கு. செம்பு உறை போட்ட சாதாரண .32 குண்டு அந்த ஆழத்தைப் பெரும்பாலும் தொட்டுவிடும். முனை விரிகிற ஹாலோ பாயிண்ட் இந்தக் காலிபரில் ஆழம் குறைந்துபோகும், சில பிஸ்டல்களில் தோட்டாவின் விளிம்புகள் ஒன்றோடொன்று மாட்டி மேகசினே (தோட்டா அடுக்கும் பெட்டி) இறுகிவிடும். அதைத் தேடி அலைய வேண்டாம்.

பிஸ்டலா ரிவால்வரா? உங்கள் அப்பாவுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது, கையில் சர்க்கரை நோயால் மதமதப்பு என்கிறீர்கள். சின்னப் பிஸ்டல்களில் ஸ்பிரிங் இறுக்கம், ஸ்லைடை (மேலே நகரும் பாகத்தை) பின்னால் இழுக்க விரலில் பலம் வேண்டும், ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் அந்தப் பதற்றத்திலும் அதை இழுத்தாக வேண்டும். ரிவால்வரில் ட்ரிகரை மறுபடி அழுத்தினால் அடுத்த தோட்டா வந்துவிடும். அதனால் .32 ரிவால்வர்தான் என் தேர்வு, நானும் அதைத்தான் வைத்திருக்கிறேன். 2014-ல் வந்த கான்பூர் நிர்பீக் ரிவால்வர் அரைக் கிலோ, ஆறு தோட்டா. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும், எடை குறையக் குறைய கிக் கூடும், ட்ரிகரும் கனமாகத்தான் இருக்கும். கொஞ்சம் பெரிய, கனமான .32 ரிவால்வரையும் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வேட்டி கட்டுகிறவர் என்றால் சட்டைப் பையில் போடவே கூடாது, பெல்ட்டில் ட்ரிகரை முழுக்க மூடுகிற தோல் உறை வேண்டும். நம் ஊர் வியர்வைக்கு வாரம் ஒரு முறையாவது துடைத்து எண்ணெய் போடாவிட்டால் துருப் பிடிக்கும்.

பழகுவதற்குத் தோட்டா அளவாகத்தான் கிடைக்கும், அதனால் வீட்டில் .177 ஏர் பிஸ்டல் ஒன்று வாங்கிக் கொடுங்கள். 20 ஜூலுக்கு உட்பட்டதற்கு லைசென்ஸ் தேவையில்லை, ட்ரிகர் விரல் நன்றாகப் பழகும். சித்திரை மாதத்தில் உங்கள் தெருவில் எவ்வளவு கூட்டம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, அங்கே தவறிப்போகிற குண்டு யாரோ ஒருவர் மேல் படும், அதற்கு அப்பாதான் பதில் சொல்ல வேண்டும். தற்காப்பு உரிமை குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது, தேவைக்கு மிஞ்சிய பலத்துக்கு அதில் இடம் இல்லை. பையைப் பறித்துக்கொண்டு ஓடுகிறவனை முதுகில் சுட்டுவிட்டு உயிருக்குப் பயந்தேன் என்று சொல்வது எடுபடாது.

அப்புறம் இன்னொரு கணக்கு. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம், பரம்பரையாக வருவதும் அந்த இரண்டில் சேரும். 12 போர் ஒன்று, .25-ஐ அப்பா பெயருக்கு மாற்றினால் இரண்டு, .32-க்கு இடமே இல்லை. தாத்தா நினைவு என்று மனசு கேட்காதுதான், புரிகிறது. உங்களுக்கு 21 வயது முடிந்திருந்தால் வாரிசாக நீங்களே விண்ணப்பித்துப் பாருங்கள். இல்லையென்றால் ஒப்படைக்கிற கடையிலேயே விற்றுவிட்டு, அப்பாவின் லைசென்ஸில் .32 ரிவால்வர் சேர்க்க மனு கொடுங்கள், மாநகர எல்லைக்குள் என்றால் போலீஸ் கமிஷனர் அலுவலகம், வெளியே என்றால் கலெக்டர் அலுவலகம். கடைக்குப் போகும்போது அப்பாவையும் கூட்டிப் போங்கள், காலி ரிவால்வரில் ட்ரிகரை அவர் விரலால் முழுக்க இழுக்க முடிகிறதா என்று பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.