கரண்ட் திரும்பி வரும்போது

அன்புள்ள ஐயா,

விசைத்தறி ஓடும் ஊர் என்னுடையது, குமாரபாளையம். எங்கள் தெருவை வைத்து ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். சேவல் கூவுவது, கோயில் மணி, பால்காரரின் சைக்கிள் மணி, தறிகளின் ‘தடதட’ எல்லாம் அதில் உண்டு. ஆனாலும் படித்த நண்பர், “இது எந்த ஊராகவும் இருக்கலாம்” என்றார். சத்தத்தை வைத்து ஓர் ஊரை எப்படிக் கொண்டுவருவது? கதையை இணைத்துள்ளேன்.

தங்கள் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

படித்தேன். உங்கள் நண்பர் சொன்னது சரிதான், கொஞ்சம் பட்டென்று சொல்லிவிட்டார், அவ்வளவே. முதலில் சேவலையும் கோயில் மணியையும் வெட்டிவிடுங்கள். தமிழ்க் கதையில் பொழுது விடிந்தால் இரண்டும் கேட்காமலேயே வந்து நிற்கும்.

நமக்கு இரட்டைக்கிளவி என்றொரு சௌகரியம் இருக்கிறது. வம்பும் அதுதான். ஆறு என்றால் சலசல, வண்டி என்றால் கடகட, மழை என்றால் சடசட. எழுதியவர் காது கொடுத்துக் கேட்டாரா என்றே தெரியாது, கை எழுதிவிடும். உங்கள் ‘தடதட’வும் அப்படி வந்ததுதான். பஸ்ஸில் உங்கள் ஊரைக் கடந்துபோகிற எனக்குக் கேட்பது அது. உள்ளே நிற்கிற உங்களுக்கு, குறுக்கு நூலைச் சுமந்துகொண்டு நாடா பாய்ந்துபோய்ப் பெட்டியில் மோதுவது வேறு, சீப்பு மாதிரி இருக்கிற அச்சு வந்து அந்த ஊடை நூலை அடிப்பது வேறு இல்லையா?

பல வருடங்களுக்கு முன் பள்ளிபாளையம் பக்கம் ஒரு நண்பர் வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். திண்ணையில் பேசிக்கொண்டிருந்தவர் பாதிப் பேச்சில் எழுந்து உள்ளே போனார். எனக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. ஆறு தறியில் ஒன்று நின்றிருக்கிறது, நாடாவுக்குள் நூல் சுற்றியிருக்கும் தார் தீர்ந்துவிட்டதாம். மாற்றிவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். அவர் மனைவி எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டது தெருமுனை வரை கேட்டிருக்கும். “எங்க வீட்ல யாருக்கும் மெதுவாப் பேச வராது. கல்யாண மண்டபத்துல ரகசியம் சொன்னாலும் அடுத்த பந்திக்குக் கேக்கும்” என்று நண்பர் சிரித்தார்.

இப்போது உங்கள் கதைக்கு வருகிறேன். கணவனும் மனைவியும் கடன் விஷயத்தைத் ‘தாழ்ந்த குரலில்’ பேசிக்கொள்கிறார்கள். பக்கத்து அறையில் தறி ஓடும்போதா? முடியாது. ஒன்று, கத்திப் பேச வேண்டும். இல்லையென்றால் கரண்ட் போகிறவரை காத்திருக்க வேண்டும். தறி ஓடாத ஊர்க்காரருக்கு இந்தச் சங்கடம் கிடையாது. நீங்கள் அதைத் தவறவிட்டதுதான் எனக்கு வருத்தம்.

குறுந்தொகையில் கொல்லன் அழிசி பாடியது ஒன்று இருக்கிறது, 138ஆம் பாட்டு. ஊரே உறங்கியும் நாங்கள் உறங்கவில்லை, வீட்டருகே நொச்சிப் பூ உதிர்வதைக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்கிறாள் தோழி. நொச்சிப் பூ விழுந்தால் என்ன பெரிய சத்தம் வந்துவிடும்? அது எப்படி ஒலித்தது என்று கவிஞரும் சொல்லவில்லை. ஆனால் அது கேட்டது என்றதுமே அந்த நடுராத்திரி வந்துவிடுகிறது. ஒருவனின் வரவுக்காக அந்தப் பெண்கள் எவ்வளவு நேரமாகக் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தார்கள் என்பதும் தெரிந்துவிடுகிறது. சத்தத்தை எழுதும்போது நான் முதலில் கேட்டுக்கொள்வது இதைத்தான்: யார் காதில் விழுகிறது, அந்த ஆள் எதை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்?

கரண்ட் போனதும் தெரு அமைதியாவதை எழுதியிருக்கிறீர்கள். நன்றாகவே இருக்கிறது, ஆனால் தறி ஊரைப் பற்றி எழுதுகிற எவருக்கும் தோன்றுவது அது. கரண்ட் திரும்பி வருவதை எழுதிப் பாருங்கள். ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பித்துவிடும். தறியை ஆள் போய்த்தான் ஓட்டிவிட வேண்டும். எதிர்வீடு, பக்கத்து வீடு, கோடிவீடு என்று தெரு ஒவ்வொன்றாகச் சத்தம் சேர்த்துக்கொள்ளும். இருட்டில் கடனைப் பற்றிப் பேச ஆரம்பித்த உங்கள் தம்பதிக்குப் பேச்சு இன்னும் முடிந்திருக்காது. அவர்கள் தறி மட்டும் ஓடாது. எதிர்வீட்டு அம்மாவுக்கு அது கேட்கும்.

அந்த அம்மாவை வைத்து ஒருமுறை எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்