இக்போ மக்களின் மறுபிறவி நம்பிக்கையைத் தொழில்நுட்பம் மாற்றிவிட்டதா?

ஒரு பகுதியை மாற்றியிருக்கிறது, முழுவதையும் அல்ல.

தென்கிழக்கு நைஜீரியாவின் இக்போ மக்கள் மறுபிறவியை ‘இலோ உவா’ என்பார்கள், அதாவது உலகுக்குத் திரும்பி வருதல். இறந்த தாத்தா பாட்டி அதே குடும்பத்தில் குழந்தையாகப் பிறப்பார்கள். ‘நென்னா’ என்ற பெண் பெயருக்கே ‘அப்பாவின் அம்மா’ என்றுதான் பொருள். (நம் ‘பேரன்’ கூட ‘பெயரன்’தானே!)

தொழில்நுட்பம் பலமாக மோதியது ‘ஒக்பாஞ்சே’ என்ற நம்பிக்கையோடு. ஒரு தாய்க்குப் பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்தால், ஒரே குழந்தைதான் செத்துச் செத்துத் திரும்பி வந்து வதைக்கிறது என்று நினைத்தார்கள். அடுத்த பிறவியில் அடையாளம் தெரியட்டும் என்று இறந்த பிள்ளையின் உடலில் கீறல் போடுவதும் உண்டு. இந்தச் சாவுகளில் பலவற்றுக்கு அரிவாள் செல் இரத்தசோகை என்ற பரம்பரை இரத்த நோய் காரணமாக இருக்கலாம் என்று பின்னாளில் ஆய்வாளர்கள் எழுதினார்கள். தாய், தந்தை இருவருமே அந்த மரபணுவைச் சுமந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர 25% வாய்ப்பு. அதனால் இப்போது கல்யாணப் பேச்சிலேயே “உன் ஜீனோடைப் (மரபணு வகை) என்ன, ஏஏவா ஏஎஸ்ஸா?” என்று கேட்டுவிடுகிறார்கள்; ஏஏ என்றால் அந்த மரபணு இல்லை, ஏஎஸ் என்றால் அதைச் சுமப்பவர். பல தேவாலயங்களும் இரத்தப் பரிசோதனைச் சீட்டு கேட்கின்றன.

சரி, தாத்தா திரும்பி வரும் நம்பிக்கை? அதை எந்த ஆய்வகமும் அசைக்கவில்லை என்பது என் கணிப்பு. சொல்லப்போனால், பழைய புகைப்படத்தைக் கைபேசியில் குழந்தையின் முகத்துக்குப் பக்கத்தில் வைத்து, “அதே மூக்கு, பார்!” என்று சொல்வது இன்று இன்னும் சுலபம்.